குரோமை நீக்குதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் உள்ள 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டுகளில் ஹார்ட் குரோம் பூச்சு ஆங்காங்கே உரிந்துவிட்டது. மறுபூச்சுக்கு முன் பழையதை நீக்க, ஒரு தண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தேன். குரோம் போயிற்று, ஆனால் அடியிலிருந்த உலோகம் ஊசியால் குத்தியதுபோல் ஆகிவிட்டது. சாதாரண எஃகுக்கு இதே முறை நன்றாக வேலை செய்ததே, இங்கே எதில் தவறினேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

தவறு அமிலத்தின் தேர்வில்தான். துருவிலிருந்து 316-ஐக் காப்பது அதன் பரப்பில் தானாக உருவாகும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து உள்ளே இறங்குவதால்தான் உங்கள் தண்டில் குழிகள் விழுந்தன. பூச்சும் குரோமியம், அடி உலோகத்திலும் ஏறக்குறைய 17 விழுக்காடு குரோமியம் என்னும்போது, ஒன்றைக் கரைத்து மற்றொன்றை விட்டுவைக்கும் திரவத்தைத்தான் நாம் தேட வேண்டும்.

அந்த வேலைக்கு ஏற்றது காஸ்டிக் சோடாக் கரைசலும் நேர்மின்சாரமும். லிட்டருக்கு 45 முதல் 75 கிராம் வரை காஸ்டிக் சோடாவைக் குளோரைடு இல்லாத நீரில் கரைத்து (சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும், நீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது), தண்டை நேர்முனையிலும் எஃகுத் தகடுகளை எதிர்முனையிலும் இணைத்து, 4 முதல் 6 வோல்ட் கொடுங்கள். குரோமியம் குரோமேட்டாகக் கரைந்து நீரை மஞ்சளாக்கும். அடி உலோகத்தின் இரும்பும் நிக்கலும் காரத்தில் செயலற்று நிற்பதால் பரப்பு பெரிதும் தப்பிக்கும். பெரிதும் என்றேனே தவிர முழுவதும் என்று சொல்லவில்லை. பூச்சு தீர்ந்த பிறகும் மின்சாரத்தில் விட்டுவைத்தால் அடி உலோகத்திலுள்ள குரோமியமும் கரையத் தொடங்கும். ஆகவே தண்டை அடிக்கடி எடுத்துக் கழுவிப் பாருங்கள். பூச்சு தீர்ந்த இடத்தில் ஆக்சிஜன் குமிழ்கள் கூடுதலாக எழுவது நல்ல அடையாளம். அலுமினியப் பாகங்கள் இணைந்திருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், காரம் அவற்றைத் தின்றுவிடும்.

சாணைபிடித்து நீக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் ஹார்ட் குரோம் மிகக் கடினமானது, அடியிலுள்ள 316 மிக மென்மையானது. பூச்சு தீர்ந்த கணத்திலேயே கல் உலோகத்தை வெட்டத் தொடங்கிவிடும்.

என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது அந்த மஞ்சள் நீர். அதிலிருப்பது புற்றுநோயை உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். கையுறை, கண்ணாடி, புகைபோக்கும் விசிறி மூன்றும் இல்லாமல் தொட்டியை அணுகாதீர்கள். ஒரு துளிகூடச் சாக்கடைக்குப் போகக் கூடாது. அமிலச் சூழலில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கொண்டு அதை நச்சு குறைந்த மூவிணைதிற நிலைக்கு மாற்றி, பின் காரமேற்றி வீழ்படிவாக்கும் வசதியும் உரிமமும் உள்ள இடத்திடம் ஒப்படையுங்கள். அவ்வசதி உங்களுக்கு எட்டாவிட்டால் நீக்கும் வேலையையே அவர்களிடம் விட்டுவிடுவதுதான் சரி.

குழி விழுந்த தண்டை அப்படியே மறுபூச்சுக்கு அனுப்பாதீர்கள். குரோம் குழியை நிரப்பாது, அதன் வடிவத்தையே மேலே கொண்டுவரும். அளவு இடம் கொடுத்தால் குழிகள் மறையும்வரை கடைந்தெடுத்து, பிறகு அனுப்புங்கள்.