இலவச ஆட்டம், காசுத் துப்பாக்கி: கொரிய ஷூட்டர்கள் பற்றிக் கேள்வி பதில்

கொரிய ஆன்லைன் ஷூட்டர்கள் (சுடும் ஆட்டங்கள்), காசுக்குப் பொருள் விற்கும் அவற்றின் கேஷ் கடை, என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் குலுக்கல் பெட்டி, அங்குள்ள சட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். ரூபாயில் கணக்குப் பார்க்க நினைப்பவர்கள் ஆயிரம் வொன்னை அறுபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலவசமாக ஆடவிட்டுப் பொருளை விற்கும் வழக்கம் கொரியாவில்தான் தொடங்கியதா அண்ணா?

வேரூன்றியது அங்கேதான். ஆனால் கொரியர்கள் அதை "இலவச ஆட்டம்" என்று சொல்வது குறைவு. அவர்கள் சொல் "புபுன் யுர்யோஹ்வா", அதாவது பகுதிக் கட்டணம். நேர்மையான பெயர்.

2000-ஐ ஒட்டிய காலத்தில் லினியேஜ் போன்ற ஆட்டங்களுக்கு மாதம் 29,700 வொன் சந்தா. அதே நேரத்தில் சேகிளப் என்ற அரட்டைத் தளம் 2000-இல் அவதாருக்குச் சட்டை, தொப்பி விற்று நன்றாகச் சம்பாதித்தது. நெக்ஸான் என்ற ஆட்ட நிறுவனம் தன் வினாடி வினா ஆட்டமான குவிஸ்குவிஸுக்குச் சந்தா வைத்துப் பார்த்தது, ஆட்கள் கழன்றுகொண்டார்கள். 2001-இல் சந்தாவை எடுத்துவிட்டு அலங்காரப் பொருளை விற்கத் தொடங்கியது. 2004-இல் ஸ்பெஷல் ஃபோர்ஸ், 2005-இல் சடன் அட்டாக் என்று ஷூட்டர்கள் வந்தபோது இந்த வழி தயாராகக் காத்திருந்தது.

ஷூட்டருக்கு இது கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளே வந்தாலும் எதிரணியில் ஆள் இருக்க வேண்டும். காசு கொடுக்காமல் ஆடுபவன்தான் காசு கொடுத்தவனுக்கு எதிராளி. அவனைத் துரத்தினால் கடையும் காலி. சடன் அட்டாக் தொடர்ந்து 106 வாரம் பிசி பாங் (மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினியில் ஆடும் கடை) தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது இப்படித்தான்.

கடையில் என்னதான் விற்கிறார்கள்? தோல் (ஸ்கின், அதாவது வெளித்தோற்றம்) மட்டும்தானா, துப்பாக்கியுமா?

துப்பாக்கியும்தான், பெரும்பாலும் வாடகைக்கு. 1 நாள், 7 நாள், 30 நாள் என்று காலம் போட்டு விற்பது பழைய கொரிய ஷூட்டர்களின் முத்திரை. ஆடிச் சேர்க்கும் பாயின்டில் சாதாரணத் துப்பாக்கி வரும். காசு கொடுத்து ஏற்றும் கேஷில் நல்லதும் நிரந்தரமானதும் வரும்.

வாங்கும்போது கவனிக்க: பல ஆட்டங்களில் இந்த நாள் கணக்கு சுவர்க் கடிகாரப்படி ஓடும், நீங்கள் ஆடிய மணிக்கணக்கு அல்ல. தேர்வு வாரத்தில் 7 நாள் துப்பாக்கி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். பரிசாக வந்த பொருள் என்றால் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நொடியில்தான் கணக்குத் தொடங்குகிறதா என்று விளக்கக் குறிப்பில் பாருங்கள். அப்படியென்றால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

பெயர் மாற்றச் சீட்டு, தோல்விக் கணக்கைத் துடைக்கும் சீட்டு இவையும் விற்பனைக்கு உண்டு. நிறுவனத்துக்குச் செலவே இல்லாத சரக்கு இதுதான்.

காசு கொடுத்தவன் ஜெயிப்பான் என்பது உண்மையா?

ஓரளவுக்கு. ஸ்மைல்கேட் உருவாக்கிய கிராஸ்ஃபயரைச் சீனாவில் டென்சென்ட் நடத்துகிறது. அங்கே "நெருப்புக் கிலின்" என்ற ஏகே-47 நிரந்தரத் துப்பாக்கியின் விலை 888 யுவான். கூடுதல் தோட்டாக்கள், வேகமான ரீலோட், கூட ஆடுபவர்களுக்கும் போனஸ் எல்லாம் அதோடு வரும். ஒரே குறியில் தலையில் சுடத் தெரிந்தவனை அது வெல்லாது. இருவரும் சம திறமை என்றால் அந்தக் கூடுதல் தோட்டாக்கள் போதும். 888 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை, எட்டு அங்கே ராசி.

சடன் அட்டாக்கில் பிரபலங்களின் புதிர்த் துண்டு விவகாரம் என்று கேள்விப்பட்டேன். என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், குலுக்கல் விற்பனையின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது.

2016 நவம்பரில் "பிரபலங்கள் கவுன்ட்" என்ற பொருளை 900 வொன்னுக்கு விற்றார்கள். வாங்கினால் ஒரு புதிர்த் துண்டு கிடைக்கும், 16 துண்டும் சேர்ந்தால் பரிசு. "1 முதல் 16 வரையிலான துண்டுகளில் ஒன்று ரேண்டமாகக் கிடைக்கும்" என்று எழுதியிருந்தது. படிப்பவர் எல்லாத் துண்டும் ஒரே வாய்ப்பில் வரும் என்றுதான் நினைப்பார். உண்மையில் சில துண்டுகள் விழும் வாய்ப்பு 0.5 முதல் 1.5 சதவீதம்தான்.

கணக்கைப் பாருங்கள். 16 துண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் முதல் 8 வகை சேர சராசரியாக 11 முறை வாங்கினால் போதும். சுலபம் என்று தோன்றும். ஆனால் கடைசி ஒரே துண்டுக்கு மட்டும் சராசரியாக 16 முறை ஆகும். முழுப் படமும் சேர 54 முறை, சுமார் 48,600 வொன். இது நேர்மையான குலுக்கலின் விலை. இப்போது ஒரு துண்டின் வாய்ப்பை 0.5 சதவீதமாக்குங்கள். அந்த ஒன்றுக்கே சராசரி 200 முறை, 1,80,000 வொன். ஆடுபவனின் கண்ணில் 15 கட்டம் நிரம்பி ஒரு கட்டம் மட்டும் காலியாகத் தெரியும். அந்த நிலையில் எவனும் நிறுத்த மாட்டான், வடிவமைத்தவர்களுக்கும் அது தெரியும்.

கொரிய நியாய வணிக ஆணையம் 2018 ஏப்ரலில், சடன் அட்டாக்கை நடத்தும் நெக்ஸானுக்கு விதித்த அபராதம் 93 கோடியே 90 லட்சம் வொன். துண்டு சேர்த்தால்தான் பரிசு என்ற இந்த முறையை ஜப்பான் 2012-லேயே தடுத்துவிட்டது. கொரியா தடுக்கவில்லை, வாய்ப்பை வெளிப்படையாகச் சொல் என்கிறது.

1% வாய்ப்பு என்றால் 100 பெட்டி வாங்கினால் கிடைத்துவிடும் இல்லையா?

இல்லை தம்பி. 100 வாங்கியும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றில் 37 பேர். 90 சதவீத உறுதி வேண்டுமென்றால் 230 பெட்டி. பெட்டி 1,000 வொன் என்றால் உங்கள் மனதில் 1 லட்சம் ஓடும், பையில் 2 லட்சத்து 30 ஆயிரம் இருக்க வேண்டும். முந்தைய தோல்விகளை எந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளாது, "சோன்ஜாங்" இருந்தால் தவிர. சோன்ஜாங் என்றால் கூரை. இத்தனையாவது முறை கட்டாயம் தருவோம் என்ற வரம்பு. கூரை இருக்கிறதா, அடுத்த நிகழ்வுக்கு அந்த எண்ணிக்கை தொடருமா, பூஜ்யமாகிவிடுமா? வாங்குமுன் இந்த மூன்றையும் பாருங்கள்.

வாய்ப்பு அட்டவணையை வெளியிடச் சட்டம் வந்துவிட்டதாமே. அதை எப்படிப் படிப்பது?

2024 மார்ச் 22 முதல் கட்டாயம். அதற்கு முன் 2015-லிருந்து தொழில் சங்கத்தின் சுயக் கட்டுப்பாடு மட்டும் இருந்தது. அது போதாது என்பதற்கு நெக்ஸானின் பபுள் ஃபைட்டர் நல்ல உதாரணம். தண்ணீர்க் குமிழி சுடும் சிறுவர் ஆட்டம். அதன் பிங்கோ நிகழ்வில் "மேஜிக் ஊசி" வாங்கிக் குத்தினால் தங்க எண் அட்டை வரும் என்றார்கள். 10-ஆவது நிகழ்விலிருந்து முதல் ஐந்து ஊசிக்கு வாய்ப்பு பூஜ்யம், ஆறாவதிலிருந்துதான் ஏதாவது விழும். அதைச் சொல்லவே இல்லை. இதையும், நெக்ஸானின் இன்னொரு ஆட்டமான மேப்பிள்ஸ்டோரியில் கியூப் என்ற குலுக்கல் பொருளின் வாய்ப்பை மறைத்த விவகாரத்தையும் சேர்த்து ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸானுக்கு விதித்த அபராதம் 1,164 கோடி வொன்.

அட்டவணைக்கு வருவோம். ஆட்டத்தின் இணையதளத்தில் "ஹ்வாங்ன்யுல்" என்று கொரிய எழுத்தில் தேடுங்கள். வாய்ப்பு என்று பொருள். தேடக்கூடிய எழுத்தாகத்தான் போட வேண்டும், படமாக ஒட்டிவிட்டுப் போக முடியாது. அடுத்து, எந்த வகை என்று பாருங்கள். பெட்டி திறப்பது கேப்சூல் வகை. இருக்கும் பொருளை மேம்படுத்துவது இரண்டாவது. இதில் வெற்றி வாய்ப்போடு பொருள் உடையும் வாய்ப்பையும் சேர்த்துப் பாருங்கள், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். இரண்டைக் கலந்து ஒன்றாக்குவது மூன்றாவது. "அரிய வகை 3%" என்று மொத்தமாகப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த 3 சதவீதத்துக்குள் 20 பொருள் சமமாக இருந்தால் நீங்கள் குறிவைத்தது 0.15 சதவீதம்.

மீறினால் 2 ஆண்டு சிறை அல்லது 2 கோடி வொன் அபராதம் வரை போகலாம். நேரே சிறை கிடையாது. முதலில் திருத்தச் சொல்லிப் பரிந்துரை, பிறகு உத்தரவு, அதையும் மதிக்காவிட்டால்தான் வழக்கு. ஆடுபவருக்கு அதிகம் பயன்படுவது 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம்தான். வேண்டுமென்றே பொய் வாய்ப்புப் போட்டிருந்தால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம், தவறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்.

சியோலுக்குப் படிக்க வந்திருக்கிறேன். பிசி பாங்கில் போய் ஆடினால் எல்லாத் துப்பாக்கியும் திறந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு லாகின் ஆகவே மாட்டேன் என்கிறது.

திறந்திருக்கும் என்பது பாதி உண்மை. கடைக்கு நீங்கள் கொடுப்பது மணிக்கு 1,000 வொன்னிலிருந்து. கடைக்காரர் அந்தந்த ஆட்ட நிறுவனத்துக்கு மணிக்கணக்கில் ஒரு பங்கு கட்டுகிறார். கடையின் ஐபி முகவரி பதிவாகியிருப்பதால் நீங்கள் உட்கார்ந்ததும் சலுகை தானாக விழும்: கூடுதல் அனுபவப் புள்ளி, சில துப்பாக்கிகள். வேலரன்ட் என்ற ஷூட்டரில் எல்லா ஏஜென்ட்டும் (ஆடும் பாத்திரம்) திறக்கும். எழுந்துபோனால் சலுகையும் போய்விடும்.

லாகின் ஆகாததற்குப் பெரும்பாலும் செல்போன் வழி ஆள் சரிபார்ப்பே காரணம். எண் உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். நண்பர் பெயரிலோ கல்லூரி ஏற்பாட்டிலோ வாங்கிய சிம் செல்லாது. சொந்தப் பெயர் என்றாலும், தொலைபேசி நிறுவனத்தில் பதிவான எழுத்தும் இடைவெளியும் வரிசையும் வெளிநாட்டவர் அட்டையில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். தந்தை பெயர் முன்னா பின்னா என்ற குழப்பம் நம்மவர்களுக்கு எப்போதும் உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு முயலுங்கள்.

சுவோனில் வசிக்கிறோம். 14 வயது மகன் கேட்காமல் நிறையச் செலவு செய்துவிட்டான். பணம் திரும்புமா சார்?

யார் கணக்கில் செலவானது என்பதைப் பொறுத்தது அம்மா.

அவன் சொந்தக் கணக்கு என்றால் உங்களுக்குச் சாதகம். 19 வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதமின்றிச் செய்த ஒப்பந்தத்தைக் கொரிய உரிமையியல் சட்டம் ரத்து செய்ய விடுகிறது. ஆனால் கணினி ஆட்டத்தில் சிறுவருக்கு மாதம் 70,000 வொன் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் போயிருந்தால் பெரும்பாலும் உங்கள் கணக்கிலோ மொபைலில் உங்கள் அட்டையிலோதான் போயிருக்கும். அங்கே நிறுவனம் "பெரியவர் என்று நம்பினோம்" என்று வாதாடும். பையன் பெரியவன் போல ஏமாற்றி நம்பவைத்திருந்தால் ரத்து உரிமையே போய்விடும்.

இப்போதே செய்ய வேண்டியது: மீதிப் பொருளைத் தொடவிடாதீர்கள். வாங்கி 7 நாளுக்குள் இருக்கும், பயன்படுத்தாத பொருளைத் திருப்பத் தனியாகவே உரிமை உண்டு. அட்டைப் பட்டியல், ரசீது மின்னஞ்சல், குடும்ப உறவுச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து முதலில் நிறுவனத்திடமோ ஆப் ஸ்டோரிடமோ எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு உள்ளடக்கத் தகராறு சமரசக் குழுவுக்குப் போங்கள். அட்டை நிறுவனத்திடம் சொல்லிப் பணத்தை நிறுத்துவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கணக்கு முடக்கப்படும், பேச்சுவார்த்தையும் நின்றுவிடும்.

சடன் அட்டாக் 2 ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டது?

2016 ஜூலை 6-இல் திறந்தார்கள், அதே மாதத்திலேயே மூடப்போகிறோம் என்றார்கள், செப்டம்பர் 29-இல் விளக்கணைந்தது. பெண் பாத்திரங்களை ஆபாசமாகக் காட்டியதாக எழுந்த எதிர்ப்பில் இரண்டு பாத்திரங்களை நீக்க வேண்டியிருந்தது. அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. மே மாதம்தான் பிளிஸார்ட் நிறுவனத்தின் ஷூட்டரான ஓவர்வாட்ச் வந்து பிசி பாங்குகளை அள்ளியிருந்தது. பத்தாண்டாகப் பழைய ஆட்டத்தில் துப்பாக்கியும் கிளானும் (கூட்டாளிக் குழு) சேர்த்தவன், கிட்டத்தட்ட அதே ஆட்டத்துக்கு வெறுங்கையோடு ஏன் வர வேண்டும்? தன் பழைய கடையே புதுக் கடைக்குப் போட்டி.

கணக்கு இலவசம் என்றால் சீட்டிங் செய்பவனைத் தடைசெய்து என்ன பயன்?

அதனால்தான் செல்போன் சரிபார்ப்பு. ஒரு ஆளுக்குக் கிடைக்கும் கணக்குகள் எண்ணி மாளக்கூடியவை. அதில் ஓட்டை இருந்தால் உடனே தெரிந்துவிடும். அப்போது பிசி பாங்கில் ஓவர்வாட்சை வாங்காமலே ஆட முடிந்ததால் சரிபார்ப்பு இல்லாத வெளிநாட்டுக் கணக்குகளை வரிசையாகத் திறந்து ஹேக் போட்டார்கள். 2017 பிப்ரவரியில் பிளிஸார்ட் அதை அடைத்தது: வெளிநாட்டுக் கணக்கு என்றால் ஆட்டத்தை வாங்கியிருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூன் முதல் ஹேக் நிரலை உருவாக்கி விற்பதே குற்றம், 1 ஆண்டு சிறை அல்லது 1 கோடி வொன் வரை.

இந்தியாவுக்கான பப்ஜி மொபைலான பிஜிஎம்ஐ-யும் கொரிய நிறுவனமான கிராஃப்டனுடையதுதானே, கொரியச் சட்டம் நமக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அது கொரியாவில் விற்கும் ஆட்டத்துக்கு. 2021-இல் இந்தியாவில் வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்று நிறுவனம் தானாக வரம்பு வைத்தது. நாளுக்கு 7,000 என்பது வரம்பு மாதிரியா இருக்கிறது?

கடைசியாக ஒன்று: ஆடி ஏறும் ஒவ்வொரு படிக்கும் பரிசு தரும் பேட்டில் பாஸ் வாங்கலாமா?

குலுக்கலை விட மேல், என்ன வரும் என்று முன்பே தெரியும். சடன் அட்டாக்கே 2019-இல் சடன் பாஸ் கொண்டுவந்தது. முதல் நாளில் வாங்காதீர்கள். இலவச வரிசையில் ஏறிக்கொண்டே போய், முடிய ஒரு வாரம் இருக்கும்போது எத்தனாவது படி என்று பாருங்கள். நீங்கள் விரும்பிய பரிசுப் படியைத் தாண்டியிருந்தால் அப்போது வாங்குங்கள், எட்டிய படிகளின் பரிசு மொத்தமாக வந்து விழும். காசு கொடுத்தவருக்கு மட்டும் திறக்கும் வாராந்திரப் பணி அந்தப் பாஸில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அப்போது பாதி சீசனிலேயே முடிவெடுங்கள்.