ஆஸ்கர் இயக்குநர் பரிந்துரை: ஐந்தாவது பெயரை எங்கே தேடுவது?

ஆஸ்கர் பரிந்துரைகளை ஆண்டுதோறும் கணித்து வரும் ரசிகர் ஒருவர், மற்ற ரசிகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கோவை): சிறந்த படத்துக்கான போட்டியில் முன்னணியில் இருக்கும் ஐந்து படங்களின் இயக்குநர்களையே, இயக்குநர் பரிந்துரை பெறும் ஐவராக ஒவ்வோர் ஆண்டும் எழுதி வைக்கிறேன். மூன்றுக்கு மேல் பலிப்பதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: யார் வாக்களிக்கிறார்கள் என்பதைப் பாராமல் விட்டதுதான் தவறு. சிறந்த படத்துக்கான பரிந்துரையில், ஆஸ்கரை வழங்கும் அகாதமியின் உறுப்பினர் அனைவரும் வாக்களிக்கிறார்கள். இயக்குநருக்கான பரிந்துரையையோ அகாதமியின் இயக்குநர் கிளையைச் சேர்ந்த சில நூறு பேர் மட்டுமே முடிவு செய்கிறார்கள். வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் அந்த வாக்கு எல்லோருக்கும் திறக்கப்படுகிறது. 2012இல் 'ஆர்கோ', 2018இல் 'கிரீன் புக்', 2021இல் 'கோடா' ஆகிய மூன்றும் அந்தந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வாயின. மூன்றின் இயக்குநர்களும் பரிந்துரைப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. (நான் குறிப்பிடும் ஆண்டுகள் படம் வெளிவந்த ஆண்டுகள், விழா அடுத்த ஆண்டில் நடக்கும்.)

கேள்வி (சென்னை): அப்படியானால் அமெரிக்க இயக்குநர் சங்கம் தன் விருதுக்குப் பரிந்துரைக்கும் ஐவர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகளிலும் சங்கத்தின் ஐவரில் நால்வர் ஆஸ்கர் பட்டியலுக்கு வந்தார்கள், ஒருவர் மாறினார். டைக்கா வைட்டிட்டி போய் டாட் பிலிப்ஸ் வந்தார். ஆரன் சார்கினுக்குப் பதில் தாமஸ் வின்டர்பெர்க், டெனி வில்நவ்வுக்குப் பதில் ரியூசுகே ஹமகுச்சி, ஜோசப் கொசின்ஸ்கிக்குப் பதில் ரூபன் ஆஸ்ட்லண்ட். 2023இல் கிரெட்டா கெர்விக், அலெக்சாண்டர் பெய்ன் என இருவர் விடுபட்டார்கள். 2024இல் மீண்டும் ஒருவர் மட்டுமே மாறினார். சங்கம் பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்டது. தொலைக்காட்சி இயக்குநர்களும் உதவி இயக்குநர்களும் தயாரிப்பு மேலாளர்களும் அதில் அடக்கம். அகாதமியின் கிளை சிறியது. 2016க்குப் பின் வெளிநாட்டுக் கலைஞர்களை அகாதமி பெருமளவில் சேர்த்துக்கொண்டதால், அதன் ரசனையும் அமெரிக்காவுக்கு வெளியே விரிந்துவிட்டது.

கேள்வி (யாழ்ப்பாணம்): உள்ளே வரப்போகும் அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மே மாதத்துக் கான் திரைப்பட விழாவையும் செப்டம்பரில் முடியும் வெனிஸ் திரைப்பட விழாவையும் திரும்பிப் பாருங்கள். ஆஸ்ட்லண்டும் 2023இல் வந்த ஜஸ்டின் த்ரியேவும் கானின் உச்ச விருதான தங்கப்பனையை வென்றவர்கள். ஹமகுச்சியின் படமும் 2024இல் வந்த கொராலி ஃபார்ஜாவின் படமும் அங்கே திரைக்கதை விருது பெற்றவை. பிலிப்ஸின் 'ஜோக்கர்' வெனிஸின் உச்ச விருதான தங்கச் சிங்கம் பெற்றது. அமெரிக்கர்களின் பேச்சில் அதிகம் அடிபடாத, ஆனால் விழாக்களில் இயக்குநர்கள் பார்த்து வியந்த படம் எது என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். வெளியே போகிறவர் பெரும்பாலும் வசூலில் பெருவெற்றி கண்ட படத்தை இயக்கியவராகவோ, எல்லோருக்கும் பிடித்திருந்தும் எவரும் உயிரை விடாத படத்தை எடுத்தவராகவோ இருப்பார். கெர்விக் விடுபட்டது பலரைப் போல எனக்கும் வருத்தம்தான். 'பார்பி'யின் இயக்கம் எவ்வளவு கடினமான வேலை என்பதை அந்தக் கிளை உணர்ந்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி (பினாங்கு): 'எவரும் உயிரை விடாத படம்' என்றீர்களே, எல்லோருக்கும் பிடித்த படத்துக்குத்தானே அதிக வாக்கு விழ வேண்டும்?

பதில்: வாக்கு எண்ணும் முறை அதற்கு இடம் கொடுப்பதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதுகிறார். கணக்குக்காக 540 சீட்டுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். இடங்கள் ஐந்து, அத்துடன் ஒன்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் 90, அதற்கு மேல் ஒன்று, ஆக 91 வாக்கு பெற்றவருக்கு இடம் உறுதி. ஐந்து பேர் தலா 91 பெற்றால் 455 ஆகிறது. மீதி 85தான் என்பதால் ஆறாவது ஆள் அந்த எண்ணை எட்டவே முடியாது. முதலில் முதல் விருப்பங்கள் மட்டுமே எண்ணப்படும். குறைவாகப் பெற்றவர் நீக்கப்பட, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இப்போது ஒருவரை 400 பேர் நான்காவதாக எழுதி, பத்துப் பேர் மட்டுமே முதலாவதாக எழுதியிருந்தால், அந்த 400 சீட்டுகள் அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் நீக்கப்பட்டுவிடக்கூடும். மற்ற 449 பேர் தொடாவிட்டாலும், 91 பேர் முதலிடம் கொடுத்தவர் உள்ளே வந்துவிடுவார்.

கேள்வி (சேலம்): கோல்டன் குளோப் பட்டியல் உதவுமா?

பதில்: பெயர்கள் பேசப்படுவதற்கு உதவும். வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள் என்பதால் அதற்கு மேல் எடை கொடுக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): 'ஆர்.ஆர்.ஆர்.' படத்துக்காக ராஜமௌலிக்கு நியூயார்க் விமர்சகர் வட்டம் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தும், ஆஸ்கர் பரிந்துரை ஏன் வரவில்லை? இந்தியா அந்தப் படத்தை அனுப்பாததுதான் காரணமா?

பதில்: அது காரணமாக இருக்க முடியாது. நாடு அனுப்ப வேண்டியது சர்வதேசப் படப் பிரிவுக்கு மட்டுமே. 1985இல் 'ரான்' படத்தை ஜப்பான் அனுப்பவில்லை. ஆனாலும் குரோசாவாவை இயக்குநர் கிளை பரிந்துரைத்தது. (அதே ஆண்டில் சங்கத்தின் விருதை வென்ற ஸ்பீல்பெர்க் ஆஸ்கர் பட்டியலிலேயே இல்லை.) விமர்சகர்களின் அன்பு கிளையின் முதல் விருப்பங்களாக மாறவில்லை என்பதே என் கணிப்பு, இயக்குநர் சங்கமும் அந்த ஆண்டு அவரைப் பரிந்துரைக்கவில்லை. நம் மண்ணோடு தொடர்புடைய பெயர் வேண்டுமானால், மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷ்யாமளன் 1999இல் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டார்.

கேள்வி (திருச்சி): 2012இல் சங்கத்தின் ஐவரில் இருவர்தானே ஆஸ்கருக்கு வந்தார்கள்? அப்படி ஓர் ஆண்டை முன்கூட்டியே உணர முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். அந்த ஆண்டு ஆங் லீயும் ஸ்பீல்பெர்க்கும் மட்டுமே ஒத்துப்போனார்கள். பென் அஃப்லெக், கேத்ரின் பிக்லோ, டாம் ஹூப்பர் ஆகியோருக்குப் பதில் மைக்கேல் ஹானெகே, பென் ஜெய்ட்லின், டேவிட் ஓ. ரஸல் வந்தார்கள். ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்குப்பதிவு 2013 ஜனவரி 4ஆம் நாளே முடிந்துவிட்டது. சங்கத்தின் பட்டியல் 8ஆம் நாள்தான் வெளிவந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து மனத்தை மாற்றிக்கொள்ளக் கிளை உறுப்பினர் எவருக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் பெயர்களை எழுதும் முன், சங்கம் பட்டியலை வெளியிடும் நாளையும் அகாதமியின் வாக்குப்பதிவு முடியும் நாளையும் அருகருகே குறித்துக்கொள்கிறேன். சங்கத்தின் நாள் பிந்தியதாக இருந்தால், ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர்களை மாற்றத் துணிகிறேன்.