விமான டிக்கெட் பக்கத்தில் காட்டும் 'சரியான நேர' சதவீதத்தை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் உள்நாட்டு விமான டிக்கெட் எடுக்கும்போது, விமான விவரத்தைத் திறந்தால் "சரியான நேரத்தில் வந்தது 74%" என்பதுபோல ஓர் எண் காட்டுகிறார்கள். இதை யார் கணக்கெடுக்கிறார்கள்? நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அந்த எண் எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். வேலைக்காக அமெரிக்காவுக்குள் அடிக்கடி பறப்பவன் நான். தரவுகளோடு புழங்குவதுதான் தொழில் என்பதால் இந்தக் கணக்கைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன்.

முதலில், விமான நிறுவனம் தன் பெருமைக்காகப் போடும் எண் இல்லை இது. பெரிய நிறுவனங்கள் இதைத் தங்கள் தளத்தில் காட்டியே ஆக வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. மூலத் தரவு, அந்தத் துறையின் புள்ளியியல் பிரிவுக்கு மாதாமாதம் நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கை.

இது தொடங்கியது 1987இல். 1978இல் அரசு கட்டணக் கட்டுப்பாட்டைக் கைவிட்ட பிறகு போட்டி பெருகியது, கூட்டமும் பெருகியது. ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்புவதாக அட்டவணை போட்டார்கள். நடக்கவே முடியாத குறைந்த பயண நேரத்தையும் அச்சிட்டார்கள். தாமதப் புகார்கள் குவிந்ததும், பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒவ்வொரு விமானத்தின் நேரத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. நாட்டின் மொத்த உள்நாட்டுப் பயணி வருமானத்தில் 1 சதவீதமாவது வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு என்று இருந்ததை 2018 முதல் 0.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் சிறிய நிறுவனங்களும் உள்ளே வந்தன.

சரி, என்ன எழுதி அனுப்புகிறார்கள்? ஒரு விமானத்துக்கு நான்கு நேரங்கள் முக்கியம்: கேட்டை (பயணிகள் ஏறி இறங்கும் வாயிலை) விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டது, திரும்பத் தரையைத் தொட்டது, போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நின்றது. பெரும்பாலும் விமானத்தில் உள்ள கருவியே இவற்றை அனுப்பிவிடும். 1995இல் இருந்து விமானத்தின் பதிவு எண்ணும் உண்டு. அதனால் ஒரே விமானம் அன்றைக்கு எந்தெந்த ஊருக்குப் போனது, காலையில் ஏற்பட்ட 20 நிமிடத் தாமதம் மாலைக்குள் எப்படி ஒன்றரை மணி நேரமாக வளர்ந்தது என்று வரி வரியாகத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். இது யாருக்கும் இலவசம். எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. தனியார் நிறுவனங்களின் அன்றாட வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் பொதுமக்கள் முன் வைக்கும் அரசுத் தரவு அபூர்வம்.

இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருவோம். அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் கேட்டுக்கு வந்துவிட்டால் அது 'சரியான நேரம்'. 7:10க்கு வர வேண்டியது 7:24க்கு வந்தால் பாஸ், 7:25க்கு வந்தால் ஃபெயில். ரத்தான விமானமும் ஃபெயில்தான். எல்லாமே அட்டவணையோடுதான் ஒப்பிடப்படுகிறது, அட்டவணை போடுவதோ நிறுவனம். அதனால் முன்பு நேரத்தைக் குறைத்துக் காட்டியவர்கள், கணக்கெடுப்பு வந்த பிறகு கூட்டிக் காட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இரண்டரை மணி போட்டுவிட்டால், அரை மணி தாமதமாகக் கிளம்பினாலும் 'சரியான நேரம்'தான். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பயணிக்கு உண்மையான நேரம் முன்கூட்டியே தெரிகிறது, அது நல்லதுதான். ஆனால் இன்றைய 80 சதவீதத்தையும் முப்பது வருடம் முன்னால் இருந்த 80 சதவீதத்தையும் ஒன்று என்று நினைக்க முடியாது.

தாமதத்துக்குக் காரணத்தையும் 2003 ஜூனில் இருந்து கேட்கிறார்கள். நிறுவனத்தின் குறை, கடும் வானிலை, வான்வெளி நெரிசல், பாதுகாப்பு, முந்தைய பயணத்திலிருந்து அந்த விமானமே தாமதமாக வந்தது என்று ஐந்து வகை. வானிலை என்ற கட்டத்தில் எண் சின்னதாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மழை மேகத்தால் விமான நிலையம் மெதுவாக இயங்கினால் அது நெரிசல் கணக்கில் போய்விடும்.

இந்தத் தரவில் ஓட்டைகள் இருந்தன, அடைத்தும் வந்திருக்கிறார்கள். 2007 பிப்ரவரியில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் பனிப்புயலில் பயணிகள் மணிக்கணக்காக விமானத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். ஆனால் கேட்டை விட்டு நகர்ந்து, பல மணி நேரம் காத்திருந்து, கடைசியில் ரத்தான விமானத்தின் காத்திருப்பு நேரம் அப்போதைய அறிக்கையில் வராது. 'ரத்து' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். 2008 அக்டோபரில் இருந்துதான் அதையும் கேட்க ஆரம்பித்தார்கள். 2010இல், உள்நாட்டு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணிகளை இறங்க விடாமல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. கணக்கெடுத்தால்தான் அதிகாரிக்குக் கேட்க வாய் வரும்.

இன்னும் அடைபடாத பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்தக் கணக்கு விமானத்தைப் பின்தொடர்கிறது, மனிதரை அல்ல. ஒருமுறை என் விமானம் ஐம்பது நிமிடம் தாமதமானது, கனெக்ஷன் (வழியில் மாறி ஏற வேண்டிய அடுத்த விமானம்) போய்விட்டது, மறுநாள் காலையில்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். பதிவில் இருப்பது ஐம்பது நிமிடம். நான் பிடிக்க வேண்டிய இரண்டாவது விமானமோ 'சரியான நேரம்' என்று பாஸ் ஆகியிருக்கும். யார் எந்தக் கனெக்ஷனைத் தவறவிட்டார்கள் என்பது நிறுவனங்களின் கணினியில் இருக்கிறது. அரசு அதையும் கேட்க வேண்டும், கேட்கும் வரை இந்தக் கணக்கு பாதிதான் என்பது என் கருத்து.

ஆக, நேரடி விமானம் என்றால் அந்த எண்ணை நம்பித் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே '30 நிமிடத்துக்கு மேல் தாமதம்' என்று இன்னொரு சதவீதம் இருக்கும், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். முடிந்தவரை காலை விமானமாக எடுங்கள், முந்தைய பயணத்தின் தாமதம் வந்து சேர வாய்ப்பு குறைவு. கனெக்ஷன் இருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு, இரண்டாவது விமானத்துக்குப் பிறகு அதே ஊருக்கு அன்றைக்கே வேறு விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய கடைசி விமானத்தில் கனெக்ஷன் வைக்கவே வைக்காதீர்கள்.