மாரியில் குளத்தைச் சுற்றி

வணக்கம் அண்ணா,

ஆரியகுளத்தைச் சுற்றி மழைக்குள் நடப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். நாங்கள் ரொறன்ரோவிலிருந்து மார்கழியில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறோம். சித்தியோ, மாரி முடியட்டும், மாசியில் வாருங்கள் என்கிறா. நனைந்துகொண்டு நடப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மார்கழியிலேயே வாருங்கள்.

நேற்றுப் பின்னேரமும் போனேன். நல்ல வாடைக்காற்று. ஒரு பக்கம் நடக்கையில் முதுகில் கைவைத்துத் தள்ளியது. சுற்றி மறுபக்கம் வந்தால் தூறல் மணல் எறிந்த மாதிரி முகத்தில் அடித்தது. குடை இரண்டு தரம் மேலே புரண்டதும் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா மட்டும், தலையில் பொலித்தீன் பையைக் கட்டியபடி நடந்தா. தண்ணீர் முழுக்கச் சிற்றலை. அதற்கு நடுவே ஒரு நீர்க்காகம் முங்கி முங்கி எழும்பியது.

சரி, அழகு மட்டும் என்றால் மாசியிலும் வரலாம். ஆனால் எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்வதுதான் வருடத்து மழையில் பெரும்பகுதி. அது குளங்களில் தேங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடி உப்புத்தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. சித்தியின் கிணற்றில் சித்திரையில் அள்ளுவதும் அந்தத் தண்ணீர்தான். மழை குறைந்து, மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். அதனால்தான் குளம் நிரம்புவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒன்று மட்டும் மனதை வருத்தியது. வரும் வழியில் ஒரு வெள்ளவாய்க்காலின் வாயில் பிளாஸ்டிக் போத்தல்கள் அடைத்து, குளத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் ஒழுங்கைக்குள் நின்றது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் நாங்கள். இன்னும் அப்படியே விடுகிறோமே என்று கோபம் வந்தது. கைக்கெட்டியதை இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

தடிமன் பிடிக்குமென்று பயப்படாதீர்கள். வீட்டுக்கு வந்த உடனே தலையைத் துவட்டி, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடித்தால் போதும். பிள்ளைகளுக்கு ரெயின்கோட் கொண்டுவாருங்கள், இந்தக் காற்றுக்குக் குடை சரிவராது.

இன்னொன்று. வந்திறங்கியதும் சித்தியின் கிணற்றைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும். தண்ணீருக்கு மேலே எத்தனை வரிசைக் கல் தெரிகிறது என்று எண்ணி எழுதிவைக்கச் சொல்லுங்கள். திரும்பிப் போகும் நாளில் இன்னொரு தரம் எண்ணட்டும்.

அன்புடன்,
அண்ணா