கண்ணில் விட்ட தாய்ப்பால்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பிறந்து ஒன்பது நாளான பேத்திக்குக் கண்ணெல்லாம் பீளை. தோட்டத்தில் இருந்தபோது என் அம்மா செய்ததுபோல ஒரு சொட்டுத் தாய்ப்பால் விடச் சொன்னேன். மகள் கோபித்துக்கொண்டு பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போய்விட்டாள். இப்போது அவளே போனில் பார்த்துவிட்டு, தாய்ப்பாலில் இரும்பைப் பிடித்துக் கிருமியை அடக்கும் புரதம் இருக்கிறது என்கிறாள். அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் மகள் செய்ததுதான் சரி.

அந்தப் புரதம் லாக்டோஃபெரின். 1939லேயே பசும்பாலில் கண்டார்கள். 1960ல் தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரும்பு ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். சீம்பாலில்தான் அதிகம், லிட்டருக்கு 5 கிராமுக்கு மேலும் இருக்கும்.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக இரும்பு வேண்டும். ஒரு லாக்டோஃபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளைக் கவ்வி வைத்துக்கொள்ளும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் ஏறினாலும் பிடி தளராது. இரத்தத்தில் இரும்பு சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் அங்கே நழுவவிட்டுவிடும். செம்பனைக்குப் போட்ட உரத்தில் லாலான் புல் எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரத்தை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டால்? அதுதான் இங்கே நடக்கிறது. போதாததற்குச் சில கிருமிகளின் மேலுறையில் ஒட்டி அதைக் குலைக்கவும் செய்யும்.

சரி, கண்ணுக்கு வருவோம். லாக்டோஃபெரின் கண்ணீரிலேயே தாராளமாக இருக்கிறது. (பச்சைப்பிள்ளை அழுதால் கண்ணீர் வழியாதே தவிர, கண்ணை நனைக்கும் நீர் அதற்கும் உண்டு.) இருக்கிற காவலுக்கு இன்னொரு சொட்டு என்ன பெரிதாகச் சேர்த்துவிடும்?

கிருமியும் சும்மா இருப்பதில்லை. சில பாக்டீரியாக்கள் சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி இரும்பைப் பொறுக்கிவரும். பிறந்த பிள்ளையின் பார்வையையே பறிக்கக்கூடிய கொனோரியா கிருமியின் சில வகைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. லாக்டோஃபெரினையே பிடித்து, அதிலிருக்கும் இரும்பை உருவிக்கொள்ளும். பூட்டை உடைக்கவில்லை, ஸ்டோர் கிராணியையே வளைத்துப் போட்டாயிற்று! அதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டும், அதுவும் தாமதமில்லாமல்.

உங்கள் பேத்திக்கு அதுதான் என்று பயமுறுத்தவில்லை. இந்த வயதில் கண்ணீர்க் குழாய் அடைப்பாலும் பீளை தள்ளும். ஆனால் எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. உங்கள் அம்மா காலத்தில் லயத்து வீட்டில் கைக்கு எட்டியது அந்தப் பால்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிளினிக்கில் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் போடச் சொல்லுங்கள். பால் பிள்ளையின் வாய்க்கே போகட்டும்.