குவிஸ்லிங் என்றால் சர்வாதிகாரியா, துரோகியா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்தில் ‘குவிஸ்லிங் ரெஜீம்’ என்று வந்தது. சிவில் சர்வீஸ் தேர்வுக்காக முகர்ஜி நகரில் படிக்கும் என் மகன், நார்வேயை ஆண்ட சர்வாதிகாரியின் பெயர் அது, அதனால் ‘கொடுங்கோல் ஆட்சி’ என்று பொருள் என்கிறான். அகராதியோ ‘துரோகி’ என்கிறது. எது சரி?
- வாசகி, மயூர் விஹார்

பதில்: அகராதி சொல்வதுதான் சரி. உங்கள் மகனுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வரும். குவிஸ்லிங் சர்வாதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் பெயர் சொல்லாக மாறியது அடக்குமுறைக்காக அல்ல, அந்த நாற்காலியை யார் தயவில் பெற்றார் என்பதற்காக.

விட்குன் குவிஸ்லிங் நார்வே ராணுவ அதிகாரி. 1931 முதல் 1933 வரை அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். 1933இல் தனிக்கட்சி தொடங்கினார். அந்த ஆண்டுத் தேர்தலிலும் 1936 தேர்தலிலும் அக்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. அன்று மாலையே அவர் வானொலியில் பேசி, தானே பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். அவரைப் பிரதமராக நியமிப்பதைவிட முடிதுறப்பேன் என்று மன்னர் ஏழாம் ஹாகோன் உறுதியாக நின்றார். மக்களும் ஏற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஜெர்மானியரே அவரை ஒதுக்கிவைத்தார்கள். 1942 பிப்ரவரியில் ‘மினிஸ்டர் பிரசிடென்ட்’ பட்டத்தோடு மறுபடி அமர்த்தினார்கள். அப்போதும் உண்மையான அதிகாரம் ஹிட்லர் அனுப்பிய ஆணையர் டெர்போவன் கையில்தான் இருந்தது. போர் முடிந்ததும் தேசத்துரோக வழக்கு நடந்து, 1945 அக்டோபர் 24 அன்று ஆஸ்லோவின் ஆகெர்ஷூஸ் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெயர் பொதுச்சொல்லான வேகம்தான் வியப்பு. வானொலிப் பேச்சு முடிந்து பத்தே நாளில், 1940 ஏப்ரல் 19 அன்று, லண்டன் ‘டைம்ஸ்’ நாளேடு ‘குவிஸ்லிங்ஸ் எவ்ரிவேர்’ என்று தலையங்கம் எழுதியது. மறு ஆண்டு ஜூனில் சர்ச்சிலும் தம் உரையில் அதைப் புதிய சொல் என்று சொல்லியே கையாண்டார். அண்டர்லிங் (ஏவலாள்), ஹயர்லிங் (கூலியாள்), வீக்லிங் (பலவீனன்) என ‘லிங்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் ஏற்கெனவே ஓர் இளக்காரம் உண்டு. அந்தக் காதுக்கு இந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. இது தற்செயல்தான். பெயரின் மூலம் டென்மார்க்கில் உள்ள ஓர் ஊர்ப் பெயர்.

ஆகவே ‘குவிஸ்லிங் ரெஜீம்’ என்பதைக் ‘கைப்பாவை ஆட்சி’ என்று எழுதுங்கள். அந்நியப் படை உள்ளே இருக்க வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவர் அதற்குத் துணைபோக வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் சொல் பொருந்தும். கட்சி மாறியவரையோ, போட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவரையோ அப்படிச் சொல்வது அளவுக்கு மீறிய வசை.

கேள்வி: என் அலுவலகத்தில் இந்திக்காரர்கள் ‘ஜெய்சந்த்’ என்கிறார்கள், வங்காளிகள் ‘மீர் ஜாஃபர்’ என்கிறார்கள், நாம் ‘எட்டப்பன்’ என்கிறோம். குவிஸ்லிங்குக்கு நேரானவர் யார்?
- வாசகர், கரோல் பாக்

பதில்: மீர் ஜாஃபர். 1757 ஜூன் 23, பிளாசிப் போரில் வங்காள நவாபின் தளபதியாக இருந்தும் தன் படையை நகர்த்தாமல் நின்றார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை நவாபாக்கியது. 1760இல் இறக்கியது, 1763இல் மறுபடி ஏற்றியது. அந்நியர் தூக்கி உட்காரவைத்த நாற்காலி என்ற அந்த அம்சம் அப்படியே பொருந்துகிறது.

எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். 1799இல் அவர்கள் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனி பக்கம் நின்றார்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. ஆனாலும் பேச்சுத் தமிழில் ‘எட்டப்பன்’ என்றால் காட்டிக்கொடுப்பவன் என்று நிலைத்துவிட்டது. கதையிலோ மேடைப் பேச்சிலோ குவிஸ்லிங்கை ‘எட்டப்பன்’ என்று பெயர்த்தால் உணர்ச்சி சரியாக வந்துவிடும். செய்தியிலும் தேர்வுத் தாளிலும் வேண்டாம், நார்வேச் செய்திக்குள் திருநெல்வேலி வந்து நிற்கும். அங்கே ‘எதிரிக்குத் துணைபோன துரோகி’ போதும்.

ஜெய்சந்த் பெயரை இப்படிப் பயன்படுத்துவது அவருக்கு இழைக்கும் அநியாயம். படையெடுத்து வந்த முகமது கோரியை அவர்தான் அழைத்தார் என்பது பிற்காலக் கதை. கன்னோஜி மன்னரான அவர் 1194இல் சந்தாவர் களத்தில் கோரியின் படையோடு போரிட்டே மாண்டார்.

கேள்வி: உச்சரிப்பு எப்படி? கேப்பிடல் கியூ போட வேண்டுமா? வினைச்சொல் உண்டா?
- கல்லூரி மாணவி, ஆர்.கே.புரம்

பதில்: நடுவில் வரும் ‘ஸ்’ஸை ஆங்கில ‘இஸ்’ என்ற சொல்லில் வருவது போல அதிர்வோடு சொல்லுங்கள். அழுத்தம் முதல் அசையில். ஆளைக் குறித்தால் கேப்பிடல், துரோகி என்ற பொருளில் சிறிய எழுத்து. பொதுச்சொல்லாகிவிட்டதால் ‘எ குவிஸ்லிங்’ என்று ஆர்ட்டிகிள் வேண்டும், பன்மைக்கு எஸ் சேரும். ஆர்ட்டிகிளை விட்டு எழுதுவதுதான் விடைத்தாளில் அதிகம் நேரும் பிழை. ‘குவிஸில்’ என்ற வினை போர்க்காலத்தில் புழங்கியது, இன்று யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: ஹிட்லர், ஸ்டாலின் பெயர்களும் இப்படித்தானா?
- வாசகர், ஜனக்புரி

பதில்: முழுக்க இல்லை. ‘எ லிட்டில் ஹிட்லர்’ என்றால் சின்னப் பதவியில் இருந்துகொண்டு அதிகாரம் காட்டும் ஆள், கேப்பிடல் அப்படியே நிற்கும். ‘ஸ்டாலினிஸ்ட்’ என்பது ஓர் ஆட்சிமுறையை, கொள்கையைச் சொல்வது. அதுவும் கேப்பிடல்தான். ஸ்டாலின் பிறப்பில் வந்த குடும்பப் பெயரும் அல்ல, ஜுகாஷ்விலி என்ற ஜார்ஜியர் தானே சூட்டிக்கொண்ட புனைபெயர்.

கண்டிப்பான மேலதிகாரியை ‘ஹிட்லர்’ என்பது நம் பேச்சில் சாதாரணமாகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். சாணக்கியபுரித் தூதரகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 60 லட்சம் யூதர்களின் கொலையோடு சேர்ந்த பெயர் அது, கேட்பவர் வீட்டிலேயே அந்த இழப்பு இருக்கலாம். ‘பாஸி’, ‘ஹை-ஹேண்டட்’ என்று எழுதினாலே சொல்ல வந்தது போய்ச் சேரும்.