மூன்று வாரப் பயணம், மூன்று நாடுகள்: நடன வகுப்பில் எங்கே சேரலாம்?

கேள்வி: ஆறு மாதங்களாகச் சால்சா கற்று வருகிறேன். அடுத்து கியூபா, கொலம்பியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளுக்கு மூன்று வாரப் பயணமாகத் தனியே செல்கிறேன். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வாரம் வகுப்பில் சேர்ந்தால் பயன் இருக்குமா? இணை இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா? ஸ்பானிய மொழியும் தெரியாது.

பதில்: இணை பற்றிய கவலை வேண்டாம். குழு வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைகளை மாற்றி ஆடச் செய்வது பரவலான வழக்கம். தனி வகுப்பில் ஆசிரியரே உங்களுடன் ஆடுவார். நடத்திச் செல்பவராக ஆடுகிறீர்களா, பின்தொடர்பவராக ஆடுகிறீர்களா என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

எனக்குத் தயக்கம் தருவது நாட்டுக்கு ஒரு வாரம் என்ற திட்டம்தான். சால்சா என்ற பெயர் ஒன்றே தவிர ஆட்டம் ஒன்றல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பாணியில் இணைகள் ஒரு நேர்க்கோட்டில் நகர்ந்து, தாளத்தின் முதல் தட்டில் திசை மாற்றுவார்கள். நியூயார்க் பாணியில் கோடு அதேதான், திசை மாறுவது இரண்டாம் தட்டில். கியூபாவில் காசினோ எனப்படும் பாணியில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். கொலம்பியாவின் காலி நகரிலோ மேலுடல் அதிகம் அசையாது. ஆட்டம் முழுவதும் கால்களில்தான், அதுவும் கடும் வேகத்தில். நிமிடத்துக்கு 33 சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டுகளை அந்த ஊரார் 45 சுழற்சியில் ஓடவிட்டு ஆடியதால் வந்த வேகம் அது என்று சொல்வார்கள். ஆறு மாதப் பழக்கம் உள்ள கால்களுக்கு ஒரு பாணியே இன்னும் முழுதாகப் படிந்திருக்காது. அதன்மேல் வாரத்துக்கு ஒன்றாகப் புதியவற்றை ஏற்றினால், ஊர் திரும்பும்போது எதுவும் உறுதியாக நிற்காது.

ஆகவே நீங்கள் கற்றுவருவது எந்தப் பாணி என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, காசினோ என்றால் ஹவானாவிலும், நேர்க்கோட்டுப் பாணி என்றால் காலியிலும் இரண்டு வாரம் தொடர்ந்து தங்குங்கள். காலியில் அவ்வூர்ப் பாணியுடன் நேர்க்கோட்டுப் பாணியையும் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. முதல் மூன்று நாட்கள் தனி வகுப்பாக இருக்கட்டும். அப்போது புதிய சுழல்களைக் கேட்காமல், அடிப்படை அடியைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுமையாக மாறுகிறதா என்பதைத் தனி வகுப்பில்தான் ஒருவர் நின்று கவனிப்பார். பிறகு குழு வகுப்புக்கு மாறலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு வேண்டாம். காலையில் கற்றதை இரவு நடனக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் ஆடிப் பார்க்கக் கால்களில் வலு மிஞ்சியிருக்க வேண்டும்.

மொழி பெரிய தடையாகாது. ‘உனோ, தோஸ், த்ரெஸ்’ (ஒன்று, இரண்டு, மூன்று) என்றும் ‘சிங்கோ, செய்ஸ், சியெத்தே’ (ஐந்து, ஆறு, ஏழு) என்றும் எண்ணுவார்கள். நான்கிலும் எட்டிலும் புதிய அடி இல்லாததால் அவற்றைச் சொல்வதில்லை. வலம் ‘தெரேச்சா’, இடம் ‘இஸ்கியெர்தா’, சுழல் ‘புவெல்தா’. முதல் வாரத்துக்கு இவையே போதும்.

ஒரு எச்சரிக்கை: ‘லத்தீன் நடனம்’ என்று மட்டும் அறிவிக்கும் பள்ளியில் பணம் கட்டுமுன் விசாரியுங்கள். போட்டி நடன உலகில் அச்சொல் சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ் ஆகிய ஐந்தைக் குறிக்கும். சால்சா அதில் இல்லை.

அர்ஜென்டினாவில் சால்சாவை மறந்துவிடுங்கள். புவெனஸ் அயர்ஸில் மிலோங்கா எனப்படும் டாங்கோ நடனக் கூடல்கள் பலவற்றில், ஆட்டம் தொடங்குமுன் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு இருக்கும். அதில் கலந்துகொண்டு, பின் அமர்ந்து பாருங்கள். அங்கே வாய்விட்டு அழைக்காமல், தொலைவிலிருந்தே கண்ணால் நோக்கித் தலையசைத்து அழைப்பார்கள். இணைகள் அனைவரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிவருவார்கள். யாரேனும் உங்களை அழைத்தால், மூன்று அல்லது நான்கு பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பு முழுவதையும் அவருடன் ஆடுவதாகப் பொருள். இடையில் மரியாதைக்காகக்கூட ‘கிராசியாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘இத்துடன் போதும்’ என்று கொண்டு அவர் உங்களை இருக்கையில் விட்டுவிடுவார்.